ஆழாக்கிலிருந்து கிராமுக்கு: மெல்பர்னுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, அம்மா ஆழாக்கில் சொன்ன இட்லி மாவு அளவையும், அமெரிக்கச் சமையல் குறிப்பொன்றில் கப்பும் மேசைக்கரண்டியுமாக இருக்கும் கேக் அளவையும் கிராமுக்கு எப்படி மாற்றுவது என்று கேட்டிருந்தீர்கள். இவற்றில் முதலாவதை மாற்றவே தேவையில்லை.

இட்லிக்கு நான்குக்கு ஒன்று என்பது விகிதம். அரிசியை அளந்த பாத்திரத்தாலேயே உளுந்தையும் தலை தட்டி அளந்தால், அது ஆழாக்கானாலும் காப்பி டம்ளரானாலும் மாவு ஒன்றுதான். சின்னப்படி, பெரியபடி என்று ஊருக்கு ஊர் படி மாறியிருந்த காலத்திலும் பாட்டிமார் இட்லி தவறாமல் வார்த்தது இதனால்தான். ரைஸ் குக்கரோடு வரும் கப்பில் மட்டும் கவனமாக இருங்கள். ஜப்பானிய வழக்கப்படி அது 180 மில்லி. இங்குள்ள கப்போ 250 மில்லி. குக்கரின் உட்புறக் கோடுகள் அந்தச் சிறிய கப்புக்கே உரியவை என்பதால், பெரிய கப்பால் அரிசி அளந்து கோடு வரை நீர் விட்டால் சோறு விறைத்துப்போகும்.

கேக் அப்படியன்று. அமெரிக்கக் கப் ஏறத்தாழ 237 மில்லி; அந்த வேறுபாடு பெரிதில்லை. ஆனால் அமெரிக்க மேசைக்கரண்டி 15 மில்லி, ஆஸ்திரேலிய மேசைக்கரண்டி 20 மில்லி. இது தெரியாமல் நான் வந்த புதிதில் ஒரு மேசைக்கரண்டி பேக்கிங் பவுடரை இங்கு வாங்கிய கரண்டியால் அளந்து போட, கேக் அடுப்பில் குபுகுபுவென்று எழும்பி, நடுவில் குழிந்து, நாக்கில் கசந்தது. அன்றுமுதல் அமெரிக்க மேசைக்கரண்டிக்கு மூன்று தேக்கரண்டி என்றே கணக்கு வைக்கிறேன். தேக்கரண்டி இரு நாட்டிலும் 5 மில்லிதான்.

அடுத்தது மைதா. தராசில் கிண்ணத்தை வைத்துச் சுழியாக்கி, அமெரிக்கக் கப்பில் கரண்டியால் மெல்ல மாவை இட்டு, கத்தி முதுகால் வழித்துக் கொட்டிப் பாருங்கள்: 120 கிராம் அளவில் நிற்கும். அதே கப்பைப் பைக்குள் விட்டு அழுத்தி அள்ளினால் 150 கிராம்கூட வரும். ஆஸ்திரேலியக் குறிப்புகளில் ஒரு கப் மைதா 150 கிராம், சர்க்கரை 220 கிராம் என்று கொள்வது வழக்கம்; அமெரிக்கக் கணக்கில் சர்க்கரை 200 கிராம். ஆகவே குறிப்பு எந்த நாட்டுடையது என்று பார்க்காமல் எடையை மாற்றாதீர்கள்.

இருபது டாலர் அளவில் கிடைக்கும் மின்தராசு ஒன்றை வாங்கிவிடுவது நல்லது. அதிலுள்ள மில்லி பொத்தானை மட்டும் நம்பாதீர்கள். அது எல்லாவற்றையும் தண்ணீராகவே எண்ணிக்கொள்ளும். 250 மில்லி எண்ணெய் 230 கிராம்தான், அதே அளவு தேனோ 350 கிராமை எட்டும்.

எலுமிச்சை ஊறுகாயையும் கேட்டிருந்தீர்கள். அம்மா சொன்னது கல் உப்பாக இருக்கும். பரல்களுக்கிடையே வெற்றிடம் இருப்பதால், அது அதே பாத்திரத்தில் தூள் உப்பைவிட எடை குறைவாகவே பிடிக்கும். அந்த அளவுக்கு இங்குள்ள தூள் உப்பைப் போட்டால் ஊறுகாய் கரிக்கும். ஆகவே, அவர் போடும் ஒரு ஆழாக்கு உப்பை மளிகைக் கடைத் தராசில் ஒருமுறை நிறுத்துப் பார்த்து எத்தனை கிராம் என்று சொல்லச் சொல்லுங்கள்.