கைடு சொல்கிறார் என்பதற்காக சர்வேயில் சிலருடைய பதில்களை நீக்குவது தவறா?

நீங்கள் பிஎச்.டி. மாணவர் என்று நினைக்கிறேன். பி-வேல்யூ (உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் இப்படியொரு முடிவு தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்று காட்டும் எண்; 0.05-க்குக் கீழே இருந்தால்தான் முடிவை மதிப்பது வழக்கம்) 0.06-இல் நிற்கிறது, நாலைந்து பேரை எடுத்துவிட்டால் 0.05-க்குக் கீழே இறங்கிவிடும். அப்படித்தானே? எடுக்காதீர்கள். யாரை நீக்குவது என்று தரவைப் பார்ப்பதற்கு முன்பே விதி எழுதி வைத்திருந்தால் அது வேறு. முடிவைப் பார்த்துவிட்டு நீக்குவது தவறுதான்.

நான் பேராசிரியர் இல்லை, சென்னையில் பல வருடமாக ஃபீல்டு சர்வே எடுப்பவள். உனக்கென்ன புள்ளியியல் தெரியும் என்று கேட்பவர்கள் கேட்கட்டும். நீக்கப்படுகிற ஆளை நேரில் பார்த்தவள் நான்.

பெரும்பாக்கம் குடியிருப்பில் ஒரு ஆய்வு. கூவம் கரையிலிருந்து அங்கே மாற்றப்பட்டவர்களிடம், "இன்றைக்கே 500 ரூபாயா, அடுத்த மாதம் 700 ரூபாயா?" என்று கேட்க வேண்டும். கையில் காசில்லாதவர்கள் உடனே வருவதைத்தான் எடுப்பார்கள் என்பது ஆய்வாளரின் எதிர்பார்ப்பு. மயிலாப்பூர் வரை வீட்டு வேலைக்குப் போய்வரும் ஒரு அக்கா, முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி சொன்னார்: "எழுநூறே போட்டுக்கம்மா. சீட்டு கட்டிட்டு இருபது மாசம் காத்துக் கிடக்கறேன், ஒரு மாசம் எனக்குப் பெருசா?" அவரைப் போலவே இன்னும் பல பெண்கள் சொன்னார்கள்.

அந்த ஃபார்ம்களையெல்லாம் ஆபீசில் தனியாக எடுத்து வைத்துவிட்டார்கள். கேள்வியே இவர்களுக்குப் புரியவில்லை என்று காரணம் சொன்னார்கள். நாங்களே உட்கார்ந்து நிரப்பிவிட்டோமோ என்ற சந்தேகம் வேறு. சூப்பர்வைசரோடு திரும்பப் போய்க் கேட்டோம், அதே பதில்தான். புரிந்துதான் சொன்னார்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அப்படியும் சேர்க்கவில்லை.

எங்களைச் சரிபார்க்க வழி இருக்கிறது, அது நல்லதுதான். புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் அந்தக் காலத்திலேயே வங்காளத்துச் சணல் சர்வேயில் ஒரே பகுதிக்குத் தனித்தனிக் குழுக்களை அனுப்பி, கணக்குகளை ஒப்பிட்டுப் பார்த்தார். மேஜையில் உட்கார்ந்து நீக்குகிறவரை யார் சரிபார்ப்பது? நெதர்லாந்தில் டீடரிக் ஸ்டாப்பல் என்ற உளவியல் பேராசிரியர், பள்ளிகளில் தானே திரட்டியதாகச் சொல்லி, இல்லாத தரவைத் தன் மாணவர்களுக்கே கொடுத்தார். 2011-இல் அது அம்பலமானதற்குக் காரணம் அவருடைய துறையின் இளம் ஆய்வாளர்கள்தான். அதே ஆண்டு அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூவர், இஷ்டத்துக்குச் சேர்த்தும் விட்டும் கணக்குப் போட்டால், ஒரு பாட்டைக் கேட்டவர்களுக்கு வயதே குறைந்துவிட்டதாகக்கூடக் காட்டலாம் என்று செய்தே காட்டினார்கள். உங்கள் கைடு சொல்வதும் அந்த வழிதான். எல்லா கைடும் இப்படி என்று நான் சொல்லவில்லை, நல்லவர்களிடமும் வேலை பார்த்திருக்கிறேன்.

கைடை நேரடியாக எதிர்க்க முடியாது என்பது புரிகிறது. நீக்காமல் ஒரு முடிவு, நீக்கி ஒரு முடிவு, இரண்டையும் காரணத்தோடு ஆய்வேட்டில் போடுகிறேன் என்று கேளுங்கள். பேச்சில் விடாமல் மின்னஞ்சலில் கேளுங்கள்.

அப்புறம் ஒன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். எங்களுக்கு ஃபார்ம் கணக்கில்தான் கூலி. ஒதுக்கி வைத்த ஃபார்ம்களுக்குக் காசு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். லிஃப்ட் ஓடாத நாளில் மாடி மாடியாக ஏறி, முக்கால் மணி நேரம் உட்கார்ந்து எடுத்தவை அவை. நாளைக்கு நீங்கள் ஆய்வு நடத்தும்போது ஃபீல்டு ஆட்களுக்கு நாள் சம்பளமாகக் கொடுங்கள்.