அமெரிக்கச் செவ்வணில் தன் இயல்பான எல்லையைத் தாண்டி எப்படிப் பரவுகிறது?

ஓர் உயிரினம் தானாகப் போய்ச் சேர முடியாத இடத்தில் மனிதர் கொண்டுபோய் விட்டால், அது அங்கே அறிமுக இனம். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவு நல்ல உதாரணம். நடுவே கடல் இருந்ததால் அங்கே செவ்வணிலே கிடையாது. 1963-64இல் கொண்டுவந்து விட்டார்கள். ஊசியிலைக் காடு தயாராக இருந்தது, பரவிவிட்டது.

சிக்கல், ஊசியிலை மரங்களின் விதைகள் இருக்கும் கூம்புகளில்தான். ஸ்புரூஸ் மரக் கூம்புகளை அணில் பச்சையாகவே கடித்துக் கீழே தள்ளி, ஈரமான குவியலில் புதைத்து வைக்கும். ஈரத்தில் கூம்பு விரியாது, விதையும் உதிராது. கடை திறக்கும் முன்பே சரக்கை மொத்தமாக வாங்கிப் பதுக்குவது போலத்தான். மரத்திலேயே விதை எடுத்துத் தின்னும் குறுக்கலகுப் பறவைக்கு மிச்சம் குறைகிறது. போதாததற்கு, கூட்டிலுள்ள முட்டைகளையும் அணில் விடாது.

பலர் இதைப் பிரிட்டனின் செவ்வணிலோடு குழப்புகிறார்கள். அது வேறு இனம். அந்த மண்ணுக்கே உரியது. அங்கே வந்தேறி சாம்பல் அணில்தான்.