கர்ப்பப்பை ஆபரேஷனுக்குப் பிறகு வயிற்றுத் தொல்லை: கேள்வி பதில்

கர்ப்பப்பையை எடுத்து மூன்று நாள் ஆகிறது டாக்டர். இன்னும் மலம் போகவில்லை, வயிறு உப்பியிருக்கிறது. பயப்பட வேண்டுமா?

காற்று பிரிகிறதா? பிரிகிறது, வாந்தி இல்லை, கொஞ்சமாவது சாப்பிட முடிகிறது என்றால் பயம் வேண்டாம். ஆபரேஷன் முடிந்ததும் குடல் கொஞ்ச நேரம் சோம்பிக் கிடக்கும். பெருங்குடல் பழைய வேகத்துக்கு வர 2, 3 நாள் பிடிக்கும். டிரமடால் போன்ற வலி மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தை இன்னும் இறுக்கும். லாக்டுலோஸ் மாதிரி ஒரு மலமிளக்கி தரலாமா என்று உங்கள் டாக்டரைக் கேளுங்கள். அடிக்கடி எழுந்து நடங்கள். தையல் பிரிந்துவிடுமோ என்று அடக்கி வைப்பவர்கள் நிறைய; அடக்க அடக்க இறுகத்தான் செய்யும். காற்றும் பிரியவில்லை, வாந்தியும் வருகிறது என்றால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

லேப்ராஸ்கோபி (சிறு துளை வழியாகச் செய்யும் ஆபரேஷன்) செய்தது வயிற்றில். வலிப்பது தோள்பட்டையில்!

வயிற்றுக்குள் செலுத்திய கார்பன் டை ஆக்சைடு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்துகிறது. உதரவிதானத்துக்குப் போகும் நரம்பு வழியாகத் தோளில் வலி தெரியும். சில நாளில் போய்விடும். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ சேர்ந்தால் உடனே காட்டுங்கள்.

மனைவிக்கு லேப்ராஸ்கோபி செய்து ஐந்தாம் நாள். நன்றாகத்தான் இருந்தாள். நேற்றிலிருந்து வலி கூடுகிறது, லேசான காய்ச்சல், வயிறும் வீங்குகிறது. கேஸ் மாத்திரை கொடுக்கலாமா?

வேண்டாம். இப்போதே ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள், போகும் வழியில் எதுவும் சாப்பிடக் கொடுக்காதீர்கள். அபூர்வமாக, குடலில் பட்ட சூட்டுக்காயம் சில நாள் கழித்துத்தான் ஓட்டையாகும். முதல் நாள் பார்த்தவர்களுக்கு எதுவும் தெரிந்திருக்காது. வலி எவ்வளவு என்பதைவிட அது கூடுகிறதா குறைகிறதா என்றுதான் நான் பார்ப்பேன். நேற்றைவிட இன்று குறைய வேண்டும். கூடினால் சி.டி. ஸ்கேன் எடுக்காமல் 'வாயுத்தொல்லை' என்று அனுப்பிவிடுவது எனக்குச் சம்மதமில்லை.

ஆன்டிபயாடிக் முடித்ததிலிருந்து அம்மாவுக்கு வயிற்றுப்போக்கு.

லேசானதென்றால் தானாக அடங்கும். ஒரு நாளைக்கு மூன்று முறையோ அதற்கு மேலோ தண்ணீராகப் போனாலோ, காய்ச்சலோ ரத்தமோ இருந்தாலோ மலப் பரிசோதனை தேவை. அதுவரை லோபரமைடு கொடுத்து நிறுத்தாதீர்கள்.

ஆபரேஷன் முடிந்து இரண்டு வருடம். அவ்வப்போது வயிறு முறுக்கி வலிக்கிறது, ஸ்கேனில் ஒன்றுமில்லை என்கிறார்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு உள்ளே உண்டாகும் தழும்பில் குடல் ஒட்டிக்கொண்டிருக்கலாம். எத்தனை வருடம் கழித்தும் அது தொல்லை தரும், சாதாரண ஸ்கேனில் பெரும்பாலும் தெரியாது. எப்போது வலித்தது, எவ்வளவு நேரம், வாந்தி வந்ததா என்று குறித்துக்கொண்டு குடல்நோய் நிபுணரிடம் போங்கள். பச்சையாக வாந்தி வந்து, காற்றும் பிரியாவிட்டால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்கு.

அப்போ எப்போது மகப்பேறு டாக்டர், எப்போது குடல் டாக்டர்?

முதல் ஆறு வாரம் எதுவானாலும் ஆபரேஷன் செய்தவரிடம். பெண்ணுறுப்பு வழியாகக் காற்றோ மலமோ வந்தால் எத்தனை மாதமானாலும் அவரிடம்தான், கூச்சப்படாமல் சொல்லுங்கள். மலத்தில் ரத்தம், எடை குறைவது, ரத்தசோகை, வாரக்கணக்கில் மாறிய மலப் பழக்கம் இருந்தால் குடல் டாக்டர். பழியை ஆபரேஷன் மேல் போட்டுவிட்டு கொலோனோஸ்கோபியை (கேமரா குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை) தள்ளிப்போடாதீர்கள்.