சூரியனை விட்டு ஓடும் பூமி: இரண்டு வரிகளை இடம் மாற்றுங்கள்

கேள்வி: பூமி சூரியனைச் சுற்றும் பாதையைக் கணிக்க நிரல் எழுதினேன். காலப்படி, அதாவது ஒவ்வொரு கணிப்பிலும் காலத்தை நகர்த்தும் அளவு, ஒரு நாள். பூமி பழைய இடத்துக்குத் திரும்பாமல் சுருள் சுருளாக வெளியே போகிறது. படியைப் பாதியாக்கினால் விலகல் குறைகிறதே தவிர நிற்கவில்லை. இன்னும் நுட்பமான கணிப்பு முறையான நான்காம் வரிசை ரங்கே-குட்டாவுக்கு மாறிவிடட்டுமா?

பதில்: அவசரப்படாதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ஈர்ப்பு விதியில் தவறில்லை. முடுக்கத்தைக் கணித்து, பழைய திசைவேகத்தால் இடத்தை நகர்த்தி, அதன்பிறகு திசைவேகத்தைத் திருத்துகிறீர்கள். இது சாதாரண ஆய்லர் முறை. வட்டத்தில் போகும் பொருளைத் தொடுகோட்டின் வழியே நகர்த்தினால், அது எப்போதும் வட்டத்துக்கு வெளியேதான் விழும். வேகமும் கூடவே சற்று ஏறும். இப்படி ஒவ்வொரு படியிலும் ஆற்றல் கூடிக்கொண்டே போகிறது. ஒரு நாள் படியில் ஓராண்டு ஓட்டினால் சுற்றுப்பாதையின் ஆரம் ஆறில் ஒரு பங்குக்கும் மேல் பெருத்துவிடும். படியைப் பாதியாக்கினால் ஒரு படியின் பிழை கால்பங்காகும். ஆனால் படிகள் இரட்டிப்பாவதால் மொத்தப் பிழை ஏறக்குறைய பாதியாக நிற்கும். நீங்கள் கண்டது அதைத்தான்.

முடுக்கத்தைக் கணித்ததும் முதலில் திசைவேகத்தைத் திருத்துங்கள். அந்தப் புதிய திசைவேகத்தால் இடத்தை நகர்த்துங்கள். அவ்வளவுதான், சுருள் மறைந்துவிடும்.

காரணம் அழகானது. ஈர்ப்பு சூரியனை நோக்கியே இழுப்பதால், திசைவேகத்தைத் திருத்தும்போது கோண உந்தம் (சூரியனைச் சுற்றும் இயக்கத்தின் அளவு) மாறாது. புதிய திசைவேகத்தின் திசையிலேயே நகர்வதால் அப்போதும் மாறாது. எவ்வளவு பெரிய படி வைத்தாலும் சம காலத்தில் சம பரப்பு என்ற கெப்ளர் விதி அப்படியே நிற்கும். 1687இல் நியூட்டன் அந்த விதியை நிறுவியதும் இதே வழியில்தான்: நேர்க்கோட்டில் ஒரு நகர்வு, மையத்தை நோக்கி ஓர் இழுப்பு, மறுபடி நகர்வு. கணினி இல்லாத காலத்தில் உங்கள் நிரலைக் காகிதத்தில் வரைந்திருக்கிறார்!

இன்னும் துல்லியம் வேண்டுமானால் திசைவேகத்தை அரைப்படி திருத்தி, இடத்தை முழுப்படி நகர்த்தி, புதிய முடுக்கத்தால் மீதி அரைப்படியைத் திருத்துங்கள். இதற்கு லீப்ஃபிராக் என்று பெயர். மூலக்கூறு இயக்கக் கணிப்பில் 1967இல் இயற்பியலாளர் வெர்லே பயன்படுத்தியதும் சாராம்சத்தில் இதே முறைதான். ஆற்றல் சற்றே ஊசலாடும், ஒரு பக்கமாக நகராது. ரங்கே-குட்டாவில் ஒரு படிக்கான பிழை மிகச் சிறியது, ஆனால் அதுவும் சேர்ந்துகொண்டே போகும். சில சுற்றுகளுக்கு அது போதும், லட்சக்கணக்கான சுற்றுகளுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தூரத்தை வானியல் அலகிலும் (பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான சராசரி தூரம்) காலத்தை ஆண்டிலும் வையுங்கள். சூரியனின் ஈர்ப்பு மாறிலி (ஈர்ப்பு மாறிலி G × சூரியனின் நிறை) 39.478 ஆகிவிடும், பெரிய எண்களோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஓட்டத்தின் நடுவே படியின் அளவை மட்டும் மாற்றாதீர்கள், மாற்றினால் மேலே சொன்ன ஆற்றல் ஒழுங்கு குலையும். ஹாலி வால்வெள்ளிபோல மிக நீண்ட பாதையென்றால், கோள்களின் இழுப்பை விட்டுவிடலாம் எனும்போது காலத்தைக் கொடுத்தால் பாதையில் இடத்தைச் சொல்லும் கெப்ளர் சமன்பாட்டை நேரடியாகத் தீர்ப்பதே சுலபம்.

லீப்ஃபிராக் நீள்வட்டத்தையே மெல்லத் திருப்பிவிடும். அதனால் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் விளக்கிய, புதன் பாதையின் நூற்றாண்டுக்கு 43 விகலைத் (ஒரு விகலை என்பது ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு) திருப்பம் உங்கள் திரையில் தெரிந்துவிட்டதாக நம்புவதற்கு முன், படியைப் பாதியாக்கி இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள்.