அத்திரம்பாக்கம் கற்கருவி – மகளின் சார்ட்டில் என்ன எழுதுவது?

சென்னைக்குப் பக்கத்து அத்திரம்பாக்கத்தில் 15 லட்சம் ஆண்டுப் பழைய கற்கருவி கிடைத்திருக்க, நவீன மனிதனுக்கு, அதாவது நம் இனத்துக்கு, வயது 3 லட்சம்தான் என்று மகளின் சார்ட்டில் எப்படி எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக எழுதுங்கள், இரண்டும் சரிதான். அங்கே கிடைத்தவை கருவிகள். மனித எலும்பு கிடைக்கவில்லை. அவ்வளவு பழையது என்றால் நமக்கு முந்தைய மனித இனம் செய்தது.

நம் இனத்துக்கு மொராக்கோவின் ஜெபல் இர்ஹூத் மண்டையோட்டை வரையச் சொல்லுங்கள். சுமார் 3 லட்சம் ஆண்டு. முகம் கிட்டத்தட்ட நம்முடையதுதான். மண்டை மட்டும் உருண்டையாக இல்லாமல் தாழ்ந்து, பின்பக்கம் நீண்டிருக்கும். நாம் ஒரே மூச்சில் இப்படி ஆகிவிடவில்லை என்று பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல படம் இல்லை. அப்புறம், ‘60,000 ஆண்டுக்கு முன்தான் ஆப்பிரிக்காவை விட்டு வந்தார்கள்’ என்ற வரியை எடுத்துவிடுங்கள். இஸ்ரேலின் மிஸ்லியா குகையில் கிடைத்த நவீன மனிதனின் தாடைக்கு வயது குறைந்தது 1,77,000 ஆண்டு.