நான்கு சென்ட் தோட்டமும் பத்துக் குடம் தண்ணீரும்

கேள்வி: எங்கள் ஊர் அருப்புக்கோட்டை பக்கம். வீட்டுக்குப் பின்னால் 4 சென்ட் கரிசல் நிலம் இருக்கிறது. போர் தண்ணீர் உப்பு. செடிகளுக்கு நாளொன்றுக்குப் பத்துக் குடம் நல்ல தண்ணீர்தான் ஒதுக்க முடியும். மேட்டுப்பாத்தி போட்டுத் தக்காளி, கத்தரி, அவரை வைத்தேன். சித்திரை வெயிலில் எல்லாம் கருகிவிட்டன. இந்தத் தண்ணீரை வைத்துத் தோட்டம் போட முடியுமா?

பதில்: முடியும் அம்மா. ஆனால் 4 சென்ட்டிலும் காய்கறி போட முடியாது. செடியை எண்ணுவதற்கு முன்னால் குடத்தை எண்ணுங்கள். குடத்துக்கு 12 லிட்டர் என்றால் பத்துக் குடம் 120 லிட்டர். கோடையில் காய்கறிப் பாத்தி ஒரு சதுர மீட்டருக்கு நாளுக்கு 5, 6 லிட்டர் குடிக்கும். ஆகவே உங்கள் தண்ணீர் 20 சதுர மீட்டருக்குத்தான், அதாவது அரை சென்ட்டுக்குத்தான் போதும். நீங்கள் ஊற்றியதில் குறையில்லை. பரப்பு அதிகமாகிவிட்டது, அவ்வளவுதான்.

இரண்டாவது காரணம் மேட்டுப்பாத்தி. மழை மிகுந்த ஊரில் தண்ணீரை வடிப்பதற்கு அது நல்லது. நம் பக்கத்தில் நான்கு புறமும் வெயிலும் காற்றும் பட்டு மண் சீக்கிரம் உலர்ந்துவிடும். தரைமட்டத்திலிருந்து அரை அடி தாழ்ந்த பள்ளப் பாத்தியே உங்களுக்கு ஏற்றது. கரிசலில் ஐப்பசி மழை தேங்கி வேர் அழுகும் என்பதால், ஓர் ஓரத்தில் வடிகால் வெட்டித் தேவைப்படும்போது திறந்துவிடுங்கள். மட்கிய எருவை நிறையக் கலந்தால் மண் இறுகாது.

கரிசல் காய்ந்தால் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். அந்த வெடிப்பு வழியாக அடி ஈரமும் போய்விடும். மூன்று, நான்கு அங்குல உயரத்துக்குச் சருகு, வைக்கோல், கடலைத் தோல் என்று கிடைத்ததைப் பரப்பி மூடாக்குப் போடுங்கள். தண்டை ஒட்டிக் குவிக்க வேண்டாம். கரையான் தொல்லை இருந்தால் அடியில் வேப்பம் புண்ணாக்குத் தூவுங்கள். நண்பகலில் மூடாக்கை விலக்கி அடிமண்ணைப் பிடித்துப் பாருங்கள். குளிர்ந்து உருண்டை பிடித்தால் அன்று தண்ணீர் வேண்டாம்.

கத்தரி, சுரை, பீர்க்கு போன்றவற்றுக்குப் பானைப் பாசனத்தைப் போல நான் நம்புவது வேறில்லை. சாயம் பூசாத, வாய் குறுகிய மண்பானையைக் கழுத்துவரை புதைத்து, ஒரு சாண் தள்ளிச் சுற்றிலும் செடி வையுங்கள். நீர் நிரப்பி மூடிவிட்டால், மண் கேட்கும் அளவுக்கு மட்டும் கசியும். வாங்கும்போது பானையில் இரவு முழுக்க நீர் நிறுத்திப் பாருங்கள். காலையில் வெளிப்புறம் ஈரம் பூத்திருந்தால் நல்ல பானை. இதில் போர் தண்ணீரை ஊற்றாதீர்கள், உப்புப் படிந்து கசியும் துளைகள் அடைத்துவிடும்.

அவரை உப்பைத் தாங்காது, முள்ளங்கியும் அப்படித்தான். கொத்தவரையும் பீட்ரூட்டும் தாங்கும். உப்பு நீரை இலையில் தெளிக்காமல் மாலையில் வேரடியில் விடுங்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் மேலேயே உப்புச் சேரும். இடைவெளி விட்டு நிறைய விடுவது மேல். நீரையும் மண்ணையும் ஒருமுறை பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பார்த்துவிடுங்கள்.

மீதி மூன்றரை சென்ட் மரங்களுக்கு. மேற்கு ஓரம் முருங்கை, அகத்தி வையுங்கள். மாலை வெயிலை மறிக்கும், நிழலும் அடர்த்தியாக விழாது. நடுவில் நெல்லி, மாதுளை. சீத்தா கட்டாயம் வையுங்கள். உங்கள் ஊர் ஆராய்ச்சி நிலையமே ஏபிகே 1 என்று ஒரு ரகம் வெளியிட்டிருக்கிறது. முதல் இரண்டு கோடை மட்டும் கன்றுகளைக் காப்பாற்றினால் போதும். வேலியில் பிரண்டையும் தூதுவளையும் ஏறட்டும். பாத்திரம் கழுவும் நீரைக் கல்வாழைக்கும் வாழைக்கும் திருப்புங்கள், கீரைக்கு வேண்டாம்.

காய்கறியைப் புரட்டாசியில் தொடங்கி மாசிக்குள் எடுத்துவிடுங்கள். பங்குனிக்குப் பிறகு இரண்டு பாத்தியில் கொத்தவரை, தட்டைப்பயறு போதும். மற்றவை மூடாக்கின் கீழ் ஓய்வெடுக்கட்டும். 500 சதுர அடி மாடியில் ஒரு செ.மீ. மழை விழுந்தால் சுமார் 460 லிட்டர், கிட்டத்தட்ட 38 குடம். அது இப்போது தெருவில்தான் ஓடுகிறது. ஆவணி முடிவதற்குள் மாடிக் குழாயைப் பாத்திப் பக்கம் திருப்பிவிடுங்கள். முதல் மழையின் அழுக்கு நீரை மட்டும் வெளியே விட்டுவிட்டு, அடுத்த மழையிலிருந்து தொட்டியில் பிடியுங்கள். பானைக்கு ஊற்ற அந்த உப்பில்லாத நீரே ஏற்றது.