கிதார் பாடி: பிரிட்ஜ் துளையைக் கடைசியில் போடுங்கள்

கேள்வி: கை ரம்பம், உளி, டிரில் மெஷின், இவ்வளவுதான் என்னிடம் உள்ளன. டெலிகாஸ்டர் மாதிரி எலெக்ட்ரிக் கிதாருக்கு நெக் (விரல்கள் கம்பியை அழுத்தும் கழுத்துப் பகுதி) வாங்கிவிட்டேன். பாடியை நானே செய்யப் போகிறேன். கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜை எங்கே வைப்பது? மரவாடியில் தேக்குதான் நன்றாக ஒலிக்கும் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: தேக்கு வேண்டாம். காசும் அதிகம், தோளில் கனமும் அதிகம். 1950 வாக்கில், டெலிகாஸ்டரை உருவாக்கிய லியோ ஃபெண்டர் முதலில் செய்து பார்த்த பாடிகளே சாதாரண பைன் மரம்தான். காய்ந்த மகோகனி போதும்.

‘காய்ந்த’ என்பதில்தான் வியாபாரம் இருக்கிறது. மரவாடியில் எல்லாப் பலகையும் "சீசன் ஆனது"தான்! பச்சை மரம் பிறகு சுருங்கும். நெக் உட்காரும் குழி கோணும், ஒட்டு வாய் பிளக்கும். வாங்கிய பலகையை வாரம் ஒருமுறை தராசில் வையுங்கள். எடை குறைவது நிற்கும்வரை உளியைத் தொடாதீர்கள். அளவிலும் ஏமாறாதீர்கள். 20 அங்குல நீளம், 14 அங்குல அகலம், இழைப்பதற்கு முன் 2 அங்குல கனம்: இது 0.32 கன அடி. அரை கன அடிக்குப் பில் போட்டுவிட்டு ‘சேதாரம்’ என்பார்கள். இந்தக் கணக்கைத் தட்டிக் கேட்க எந்த அதிகாரியும் வரப்போவதில்லை. நீங்களே பெருக்கி 1728ஆல் வகுத்துக் காட்டுங்கள். 14 அங்குலத்துக்கு ஒரே பலகை தேட வேண்டாம். இரண்டு ஏழு அங்குலப் பலகைகளை ஃபெவிகாலில் ஒட்டி, ஒரு நாள் கிளாம்பில் விடுங்கள்.

45 மி.மீ. கனத்துக்கு இழைத்த பிறகு, முதலில் நெக் குழி. ஆழம் 16 மி.மீ.; டிரில் பிட்டில் அந்த அளவில் டேப் சுற்றிக்கொண்டு துளைத்து, மீதியை உளியால் எடுங்கள். நெக்கைத் திருகிய பிறகே பிரிட்ஜ். நட்டின் (நெக்கின் மேல்முனையில் கம்பிகள் உட்காரும் பள்ளமிட்ட துண்டு) முன் விளிம்பிலிருந்து 12ஆம் ஃப்ரெட்டின் (நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) நடுவரை அளந்தால் 324 மி.மீ. வரவேண்டும். நட்டிலிருந்து அதன் இரு மடங்கு, 648, மெல்லிய ஈ கம்பியின் சேடில் (பிரிட்ஜில் கம்பி உட்காரும், முன்பின் நகரும் துண்டு) நிற்கும் இடம். அந்த சேடிலை நட் பக்கமாக முழுவதும் முன்னே தள்ளி, 2 மி.மீ. மட்டும் பின்வாங்கி, அது 648இல் நிற்கும்படி பிரிட்ஜை வைத்துக் குறியுங்கள். தடித்த கம்பிக்கு சேடில் இன்னும் நாலைந்து மி.மீ. பின்னே போகும், அதற்கு இடம் வேண்டும்.

உங்கள் நெக்கில் 324க்குப் பதில் 314 வந்தால்? சில நெக்குகள் அப்படித்தான் வரும். விற்றவர் என்ன சொன்னாலும், இணையத்தில் எந்த வரைபடம் கிடைத்தாலும், பெட்டியில் என்ன அச்சிட்டிருந்தாலும் கணக்கில் எடுக்காதீர்கள். 314ஐ இரட்டித்து 628இல் வையுங்கள். வரைபடத்தை நம்பித் துளைத்தால் அந்த 20 மி.மீ. பிழையை எந்த சேடிலாலும் சரிசெய்ய முடியாது. பன்னிரண்டாம் ஃப்ரெட்டிலேயே சுருதி விலகும்.

இரு ஓரக் கம்பிகளுக்கும் நைலான் நூல் கட்டி இழுத்துப் பாருங்கள். ஃப்ரெட்போர்டின் இரு ஓரத்திலும் இடைவெளி சமமாக இருந்தால் துளை போடலாம். திருகும் முன் பிரிட்ஜுக்கு அடியில் எர்த் வயர் ஒன்றை வைக்க மறக்காதீர்கள். விட்டால் ஆம்ப் உறுமும், பிரிட்ஜை மறுபடி கழற்ற வேண்டிவரும்.